சிரிச்ச மூஞ்சி ஈக்வலைஸர்

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல நாமக்கல் போற தனியார் பஸ் எதுலயாவது ஏறி, டிரைவர் பக்கத்துல மாட்டியிருக்கிற செட்டைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பஸ் வேண்டாம்னா உங்க சித்தப்பா கார்லயே பாருங்க. ஈக்வலைஸர்னு ஒரு பக்கம் வரும். அதுல வரிசையா கோடுங்க நிக்கும். இடது ஓரத்துக் கோடு உச்சியில, வலது ஓரத்துக் கோடும் உச்சியில, நடுவுல இருக்கிறதெல்லாம் பள்ளத்துல. தள்ளி நின்னு பார்த்தா சிரிச்ச வாய் மாதிரியே இருக்கும். வண்டி எதுவா இருந்தாலும் பெரும்பாலும் இந்தச் சிரிப்பு மாறாது. பழைய மாருதி எண்ணூறும் சரி, இன்னோவாவும் சரி, பன்னெண்டு சக்கர லாரியும் சரி.

இந்தச் சிரிப்பை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. படிச்சு முடிச்சுட்டு திட்டுறவங்க தாராளமா திட்டலாம். பாதியில திட்டுறது ஆட்டத்துல சேராது, சொல்லிட்டேன் :-)

முதல்ல பேரைப் பாருங்க. ஈக்வலைஸர்னா சமன் பண்றது. டெலிபோன் கம்பி நீளமாக நீளமாக உச்ச ஸ்தாயி சத்தம் தேஞ்சு போகும், கீழ் ஸ்தாயி தப்பிச்சு வந்துடும். பேசுறவர் வாயில என்ன இருந்துச்சோ அதுவே கேக்குறவர் காதுக்கும் வரணும்னு, தேஞ்சதை ஈடு கட்ட டெலிபோன் இன்ஜினியருங்க போட்ட சர்க்யூட்டுக்கு வச்ச பேரு அது. அப்புறம் சினிமா கொட்டகைக்கும் ஸ்டுடியோவுக்கும் போச்சு. 1952ல பீட்டர் பாக்ஸண்டால்னு ஒரு இங்கிலீஷ்காரர் பேஸ், டிரெபிள்னு ரெண்டு திருகு வச்ச சர்க்யூட்டை 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில எழுதினார். 1972ல ஜார்ஜ் மாசன்பர்க், எந்த இடத்துல, எவ்வளவு அகலத்துல, எவ்வளவு ஏத்தணும் இறக்கணும்னு மூணையும் தனித்தனியா திருகுற பாராமெட்ரிக் ஈக்வலைஸர் பத்தி கட்டுரை எழுதினார். இத்தனை பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டது கோணலை நிமிர்த்துறதுக்கு. நாம நேரா இருக்கிறதைக் கோணலாக்குறதுக்கு அதே திருகை வச்சிருக்கோம்.

சரி, நடுவுல என்ன இருக்குன்னு பார்ப்போம். நல்ல காது 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும்னு பிளஸ் ஒன்ல படிச்சிருப்பீங்க (காமர்ஸ் குரூப்புக்கு அது இல்லைங்கிறது வேற விஷயம்). பழைய டெலிபோன் லைன் எவ்வளவைக் கொண்டு வந்துச்சு தெரியுமா? 300ல இருந்து 3,400 வரைக்கும்தான். அவ்வளவுதான். அதை வச்சுக்கிட்டே அம்மா குரலை முதல் 'அலோ'லயே கண்டுபிடிச்சோம், அப்பா கோவமா இருக்காரா இல்லையான்னு கண்டுபிடிச்சோம். மனுஷன் குரல்ல உயிரான சமாச்சாரம் எல்லாம் அந்த அகலத்துக்குள்ளயே அடங்கிடுது. ல, ள, ழ மூணுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியறது பெரும்பாலும் 1,000க்கும் 3,000க்கும் நடுவுலதான். சிரிச்ச மூஞ்சி ஈக்வலைஸர் குழி வெட்டுறது சரியா இந்த இடத்துல.

இன்னொரு சாட்சி வேணுமா? நம்ம ஊர் மாரியம்மன் நோம்பி. புளிய மரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர். அதுல பேஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ அதால உருப்படியா எதையும் தள்ள முடியாது. மேலயும் ரொம்ப தூரம் போகாது. ஆனா ரெண்டு ஊர் தள்ளி, ராத்திரி காட்டுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருக்கிறவருக்குக்கூட பாட்டோட ஒவ்வொரு வார்த்தையும் புரியும். இப்ப லட்சக்கணக்குல செலவு பண்ணி சப் ஊஃபர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் போட்ட பஸ்ல, ஸ்பீக்கருக்கு ரெண்டடி கீழ உட்கார்ந்திருக்கிற எனக்கு பாடுறது என்ன வார்த்தைன்னு விளங்கறதில்ல. டொம்முனு ஒண்ணு, சிஸ்ஸுனு ஒண்ணு. நடுவுல யாரோ கிணத்துக்குள்ள இருந்து பாடுறாங்க. அந்தக் குழாய் ஸ்பீக்கரை நல்லதுன்னு சொல்லல. காது வலிக்கும். ஆனா எதை விட்டா பாட்டு செத்துப் போகும், எதை விட்டாலும் பிழைச்சுக்கும்னு அது காட்டிக் கொடுத்துடுச்சு.

"மாப்ள, ராஜா பாட்டுல பேஸ் கேக்கணும்டா, அதுக்குத்தான் ஏத்தி வச்சிருக்கேன்"னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. இவங்ககிட்டதான் எனக்கு ரொம்ப வருத்தம். ராஜா பாட்டுல பேஸ் கிதார் தனியா ஒரு பாட்டு பாடிக்கிட்டே போகும். அதை ரசிக்கணும்னு நினைக்கிறது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா கணக்கைப் பாருங்க. பேஸ் கிதாரோட அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். உங்க கதவுல இருக்கிற ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் அந்த 41ஐ ஒழுங்கா தராது. அப்புறம் எப்படி அந்தச் சுரம் காதுக்குத் தெரியுது? 82, 123, 164னு அதோட மடங்குகள் மேல மேல வருது. அதைக் கேட்டு மூளை அடிச் சுரத்தைத் தானா நிரப்பிக்குது. விரல் தந்தியில படுற அந்தக் 'கிட்' சத்தம் இன்னும் மேல, 700, 1,000 பக்கம் போயிடும். ஆக, பேஸ் கிதார் என்ன வாசிக்குதுன்னு புரியணும்னா 60ஐ ஏத்துறது வேலைக்கு ஆகாது. 60ஐ ஏத்தினா வீங்குறது கிக் டிரம். அது வீங்கி பேஸ் கிதாரை மூடிடும். நடுவுல நீங்களே வெட்டின குழிக்குள்ள கிதாரோட மீதி உயிரும் போயிடும். கேக்கணும்னு ஆசைப்பட்டதைக் கேக்க விடாம பண்றதுக்குப் பேரு பேஸ் பூஸ்ட்.

வலது ஓரம் இன்னும் பரிதாபம். 16,000 ஹெர்ட்ஸ் கோட்டை உச்சிக்குத் தூக்கி வச்சிருக்கீங்களே, அங்க பாட்டுல என்ன இருக்கு? எஃப்எம் ரேடியோவா இருந்தா ஒண்ணும் இல்ல. எஃப்எம் ஒலிபரப்புல 15,000க்கு மேல எதையும் அனுப்ப மாட்டாங்க. 19,000ல ஸ்டீரியோவுக்கான பைலட் டோன் ஓடுது, அதுல மோதக் கூடாதுன்னு கீழயே வெட்டிடுவாங்க. பென் டிரைவ்ல செல்போன் கடையில ஏத்தி வாங்கின ஆயிரம் பாட்டா? 128 கேபிபிஎஸ் எம்பி3ல சுமார் 16,000 பக்கமே கதவைச் சாத்திடுவாங்க. அறுபதுகள் பாட்டா? அந்தக் காலத்து சினிமா ஒலித்தடத்துல 8,000க்கு மேல பாட்டை விட இரைச்சல்தான் ஜாஸ்தி. மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டுக்கு டிரெபிள் ஏத்துறது பழைய போட்டோவுல இருக்கிற கறையைப் பெருசு பண்ணி மாட்டுற மாதிரி. ஆள் இல்லாத வீட்டுக்கு லவுட் ஸ்பீக்கர் வச்சு அழைப்பு விடுறோம்.

இப்ப நம்ம சப்ஜெக்ட்டுக்கு வர்றேன். வாட்டு.

செட்டு மேல 50 வாட் x 4னு பளபளன்னு எழுதியிருக்கும். நாலு அம்பது இருநூறு. ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிற கண்ணோட இதைப் பார்க்கணும். இன்ஜின் ஓடும்போது கார்ல கிடைக்கிறது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத செட்டுக்குள்ள இருக்கிற சாதாரண சில்லு, அந்த 14.4ஐத் தாண்டி ஸ்பீக்கரைத் தள்ள முடியாது. சுத்தமான அலை வரணும்னா 14.4ஐ 14.4ஆல பெருக்கி எட்டால வகுத்துக்கோங்க: சுமார் 26 வாட். சில்லுக்குள்ள போற நஷ்டத்தைக் கழிச்சா இருபது சொச்சம்தான் நிக்கும். அப்ப 50 எங்கிருந்து வந்துச்சு? அதே 14.4 பெருக்கல் 14.4ஐ எட்டுக்குப் பதிலா நாலால வகுத்துப் பாருங்க. 51.8. அதாவது அலையோட தலையும் காலும் சீவி, கட்டம் கட்டமா ஆகி, பாட்டுன்னு அடையாளமே தெரியாத நிலையில வர்ற கணக்கு அது. விற்பனைக்கு லாயக்கான நம்பர், கேக்குறதுக்கு லாயக்கில்லாத நம்பர். அக்கவுண்ட்ஸ்ல இதுக்கு விண்டோ டிரெஸ்ஸிங்னு பேரு. நம்ம அண்ணன்மாருங்க காலத்துல டேப் ரெக்கார்டர் மேல 'பிஎம்பிஓ 1,000 வாட்'னு போட்டு வித்தாங்களே, அதோட பேரன் இது.

நம்பலையா, பின்னாடி இருக்கிற ஃப்யூஸைப் பாருங்க. நிறைய செட்டுல 10 ஆம்பியர் இருக்கும். 14.4 பெருக்கல் 10, 144 வாட். உள்ள போறதே 144. அதுல கணிசமான பங்கு சூடா போகும் (செட்டு பின்னாடி கை வச்சா சுடுதே, அது). வரவே 144 இருக்கிற எடத்துல 200 எப்படிங்க செலவு எழுதுவீங்க? அமெரிக்காவுல 2003ல சிஇஏ 2006னு ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்குள்ள இருக்கும்போது எவ்வளவு வாட்டுன்னு சொல்லணும். அதுகூட விருப்பம் இருந்தா பின்பற்றுற விதிதான். இருந்தாலும் வாங்கும்போது பெட்டியில 'ஆர்எம்எஸ்' எவ்வளவுன்னு தேடிப் பாருங்க. பொடி எழுத்துல உண்மை ஒளிஞ்சிருக்கும்.

வாட்டுக்கும் ஈக்வலைஸருக்கும் என்ன சம்பந்தம்னா, இங்கதான் சம்பந்தமே. டெசிபல் கணக்கு வட்டிக்கு வட்டி மாதிரி. 3 டெசிபல் ஏத்தினா ரெண்டு மடங்கு பவர் வேணும். 6னா நாலு மடங்கு. 12 டெசிபல்னா கிட்டத்தட்ட 16 மடங்கு. நீங்க கொஞ்சம் சத்தமா கேக்கும்போது பேஸுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 2 வாட் போய்க்கிட்டு இருக்குன்னு வைங்க. பேஸ் கோட்டை உச்சிக்கு, அதாவது 12க்குத் தூக்குறீங்க. இப்ப 32 வாட் கேக்குது. கைவசம் இருக்கிறதோ இருபது. ஓவர் டிராஃப்ட் லிமிட்டைத் தாண்டி செக் எழுதினா பேங்க்காரன் என்ன பண்ணுவான்? திருப்பி அனுப்புவான். ஆம்ப்ளிஃபையர் அந்த மரியாதைகூட இல்லாம அலையோட தலையைச் சீவிடும். சீவின இடத்துல பாட்டுல இல்லாத கரகர சத்தம் புதுசா முளைக்கும், அது நேரா ட்வீட்டருக்குப் போகும். பல வண்டியில ட்வீட்டர் எரிஞ்சு போறது இப்படித்தான். பேஸை ஏத்தினவன் ஒருத்தன், செத்தது ட்வீட்டர். கடையில போய்க் கேட்டா "ஸ்பீக்கர் பவர் பத்தலீங்க, பெருசா மாத்திடலாம்"னு சொல்லுவாங்க.

லாரிக்காரங்க கதை தனி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பொறந்தவங்களுக்கு வீட்டுல யாராவது ஒருத்தர் லாரியோடவோ ரிக் வண்டியோடவோ ஓடிக்கிட்டுதான் இருப்பாங்க. லாரியில கரண்ட் பெரும்பாலும் 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடர்ச்சியா கோத்திருப்பாங்க. கார் செட்டோ 12 வோல்ட். என்ன பண்றாங்க? ஒரே ஒரு பேட்டரியில இருந்து மட்டும் ஒயர் இழுத்து செட்டுக்குக் குடுத்துடறாங்க. பாட்டு பாடும், ஒரு குறையும் தெரியாது. ஆனா ரெண்டு பேட்டரியும் ஒண்ணாதான் சார்ஜ் ஆகுது, செலவு மட்டும் ஒண்ணுல. பங்காளி ரெண்டு பேருக்கு வருமானம் சமம், கடன் மட்டும் ஒருத்தன் தலையிலன்னா குடும்பம் எத்தனை நாள் ஓடும்? ஒண்ணு எப்பவும் குறைஞ்சே கிடக்கும், இன்னொண்ணு அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி தண்ணி வத்தும். கடைசியில ரெண்டும் போயிடும். சரியான வழி 24ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர். அதையும் பார்த்து வாங்கணும். 5 ஆம்பியர் கன்வெர்ட்டர்னா மொத்தமே 60, 70 வாட்டுதான் தரும். அதுக்குப் பின்னாடி 50 x 4 செட்டை மாட்டி பேஸை உச்சியில வச்சா, ஒவ்வொரு அடிக்கும் டிஸ்ப்ளே மினுக்கு மினுக்குன்னு மங்கும். அதை "எஃபெக்ட்"னு சொல்லி ரசிக்கிறவங்களையே பார்த்திருக்கேன். அது எஃபெக்ட் இல்லீங்ணா, செட்டு பசியில மயக்கம் போடுது.

அடுத்தது லவுட்னெஸ் பட்டன். இதை வாங்கின அன்னைக்கு அமுத்திட்டு அப்படியே விட்டுடறாங்க. 1933ல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து காட்டினது இது: சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸ் ரொம்பக் குறைச்சலா கேக்கும், சத்தம் ஏற ஏற அந்தக் குறை தானா சரியாகிடும். அதனால ராத்திரியில மெதுவா வச்சுக் கேக்கும்போது பேஸைக் கொஞ்சம் ஏத்திக் குடுக்கிறதுக்கு வந்ததுதான் லவுட்னெஸ். பேரைப் பார்த்து 'சத்தமா வைக்கிறதுக்கான பட்டன்'னு நெனச்சுட்டாங்க. வால்யூம் முப்பத்தஞ்சுல ஓடும்போது அது ஆன்ல இருக்கிறது, வெயில் காலத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வேர்க்குதுன்னு பொலம்புற மாதிரி.

இந்தப் பக்கம் இவங்கன்னா, அந்தப் பக்கம் இன்னொரு கோஷ்டி. எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க. "ஈக்வலைஸரைத் தொடவே கூடாது, எல்லாத்தையும் பூஜ்ஜியத்துல வை, ஸ்டுடியோவுல எப்படி மிக்ஸ் பண்ணாங்களோ அப்படியே கேக்கணும்". கேக்க கம்பீரமா இருக்கு. ஆனா ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ணவர் கதவுக்குள்ள முழங்காலுக்கு நேரா ஸ்பீக்கர் வச்சுக்கிட்டு, வலது பக்கத்து ஸ்பீக்கர் ரெண்டடியிலயும் இடது பக்கத்து ஸ்பீக்கர் நாலடியிலயும் இருக்க, கண்ணாடிக்கு நடுவுல, எண்பதுல போய்க்கிட்டே மிக்ஸ் பண்ணாரா? செட்டுல பூஜ்ஜியம்னா காதுல பூஜ்ஜியம்னு அர்த்தம் இல்ல. கார் உள்ள நீளம் ரெண்டரை மீட்டர்னு வச்சா, சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போக அந்தச் சின்ன டப்பாவே பேஸை ஏத்திக் குடுக்கும். கதவுத் தகரமும் உள் இடைவெளியும் 100, 200 பக்கம் ஒரு கும்முன்னு வீக்கத்தைக் குடுக்கும். கண்ணாடியில பட்டு வர்ற சத்தம் 3,000 பக்கம் குத்தும். ரோட்டு இரைச்சல் முக்கால்வாசி கீழ் ஸ்தாயிதான், அது பேஸைத் தின்னும். இத்தனை கோணல் இருக்கிற எடத்துல திருகைத் தொடவே மாட்டேன்னு சபதம் எடுக்கிறது வைராக்கியம் இல்ல, சோம்பேறித்தனம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்னு ஜனங்க ஆசைப்படறது தப்பே கிடையாது. ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ் குழு நிறையப் பேரை உட்கார வச்சு, எது என்னன்னு சொல்லாம கேக்க விட்டு சோதனை பண்ணாங்க. பேஸ் கொஞ்சம் ஏத்தமா, மேல போகப் போக மெதுவா இறங்குற ஒலியைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க. இடது ஓரம் ஏத்தம், அப்புறம் சரிவு. நாமக்கல் மலைக்கோட்டையில இருந்து கீழ இறங்குற மாதிரி. நடுவுல குழியும் இல்ல, வலது ஓரத்துல இன்னொரு மலையும் இல்ல. ஆக சிரிச்ச மூஞ்சியில இடது கன்னம் பாதி நியாயம், மீதி எல்லாம் அநியாயம்.

"என் வண்டி, என் செட்டு, என் காது, உனக்கென்ன?" கார்னா சரி, நான் வாயை மூடிக்கிறேன். பஸ்ஸுன்னா முடியாது. அம்பது பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கோம். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கார் மாதிரி பஸ்ல பேஸ் தானா ஏறாது, பதினொரு மீட்டர் நீளத்துக்கு அந்தச் சலுகை 15 ஹெர்ட்ஸ் பக்கம் போயிடுது, அது யாருக்கும் கேக்காது. அதனாலதான் பஸ்ஸுக்கு அவ்வளவு பெரிய சப் ஊஃபர். ஆனா அந்த பேஸ் பஸ் முழுக்க ஒரே மாதிரி பரவாது. சுவர் ஓரத்துல எல்லாம் குவியும். அதுலயும் கடைசி சீட்டு மூலை இருக்கே, நெஞ்சுக்குள்ள யாரோ குத்துற மாதிரி இருக்கும். பஸ் நடுவுல நின்னு டிக்கெட் போடற கண்டக்டருக்கு அந்த அளவு தெரியாது. அவர் "பேஸ் கம்மியா இருக்கு"ன்னு இன்னும் ரெண்டு ஏத்தச் சொல்லுவாரு.

இதுல நான் ரொம்ப யோசிக்கிறது டிரைவரைப் பத்தி. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் காதுக்கு எல்லைன்னு அமெரிக்காவோட நயோஷ் சொல்லுது. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88னா நாலு மணி நேரம், 91னா ரெண்டு, 94னா ஒரு மணி நேரம், 100னா பதினஞ்சே நிமிஷம். முன்பக்க இன்ஜின் வச்ச பஸ்ல டிரைவர் இன்ஜினுக்குப் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்காரு. அந்த இரைச்சலைத் தாண்டி பாட்டு கேக்கணும்னா பாட்டு அதுக்கும் மேல போகணும். ஒரு நாள் இல்ல, வருஷக்கணக்கா. சத்தத்தால காது கெட ஆரம்பிக்கிறது முதல்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான். அப்ப அவருக்கு என்ன தோணும்? "டிரெபிள் மங்கலா இருக்கு". வலது ஓரக் கோட்டை ஏத்துவாரு. இன்னும் கெடும், இன்னும் ஏத்துவாரு. அவர் காதுல விழுந்த ஓட்டைக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டையை அம்பது பேரும் போட்டுக்கணும். ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட சின்னப் பசங்களும் அதுல இருக்காங்க. 2000ல வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல்னு அட்டவணை போட்டிருக்கு. பஸ்ஸுக்கு உள்ள எவ்வளவுன்னு அந்த அட்டவணை பேசல. வெளியில இருக்கிறவனுக்கு இருக்கிற கணக்கு உள்ள காசு குடுத்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு இல்ல.

"ராத்திரி தூக்கம் வராம இருக்கணும்ல?" இது லாரிக்காரங்க கேள்வி. மரியாதையான கேள்வி, ஏன்னா அது உயிர்ப் பிரச்சனை. 1998ல ரெய்னர், ஹார்ன்னு ரெண்டு பேரு இங்கிலாந்துல தூக்கம் கெட்ட ஆளுங்களை வண்டி ஓட்டுற சிமுலேட்டர்ல உட்கார வச்சு, ஒரு தடவை மூஞ்சிக்கு நேரா குளிர்காத்து, ஒரு தடவை ரேடியோன்னு சோதிச்சுப் பார்த்தாங்க. ரெண்டுமே கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்குச்சு. அரை மணி நேரம் ஓடுறதுக்குள்ள அந்த உதவி போயிடுது. வண்டியை ஓரங்கட்டி ஒரு காபி குடிச்சுட்டு பதினஞ்சு நிமிஷம் கண்ணசர்றதுதான் இதைவிட வேலை செய்யும்னு அதே ஆளுங்களோட மத்த சோதனைகள் காட்டுச்சு. பாட்டு துணைக்கு நல்லது, காவலுக்கு ஆகாது. 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகுற பெரிய லாரிகள்ல ஏசி கேபின் கட்டாயம்னு ஆகியிருக்கு. கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டலாம், இரைச்சல் குறையும், வால்யூமும் குறையலாம். பழைய பழக்கத்துல அதே முப்பத்தஞ்சுல வச்சா பின்னாடி வர்ற ஆம்புலன்ஸ் சைரன் கேக்காது.

சரி, அப்ப எப்படித்தான் வைக்கிறது? திட்டுறது சுலபம், வேலையும் சொல்றேன்.

ஈக்வலைஸர் பக்கத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை நாலு இருக்கு, அதுலயே பாதி சரியாகிடும். லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட், ராக், பாப், ஜாஸ்னு இருக்கிற எல்லாத்தையும் அணைங்க. போன்ல டால்பி, ஈக்வலைஸர்னு ஏதாவது ஓடினா அதையும் அணைங்க. ரெண்டு எடத்துல உப்புப் போட்டா குழம்பு என்ன ஆகும்? அப்புறம் ஒயர். பேலன்ஸை நடுவுல வச்சு பேஸ் கேளுங்க, பிறகு ஒரு பக்கமா முழுசா தள்ளிக் கேளுங்க. ஒரு பக்கம் தள்ளும்போது பேஸ் கூடுச்சுன்னா, ஒரு ஸ்பீக்கருக்கு ப்ளஸ் மைனஸ் மாறியிருக்குன்னு அர்த்தம். ஒண்ணு முன்னாடி தள்ள இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, ரெண்டும் சேர்ந்து பேஸைக் கொன்னுடுது. ஒரு நண்பன் வண்டியில இதே கோளாறுக்கு ஒரு கடையில தனி ஆம்ப்ளிஃபையரே வாங்கச் சொன்னாங்க. கடை பேரு வேண்டாம். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதான்னு நாலு கலர் ஒயர் ப்ளஸ், அதே கலர்ல கருப்புக் கோடு போட்டது மைனஸ், பெரும்பாலான செட்டுல இதுதான். ஸ்பீக்கர் பக்கம் சந்தேகம்னா கழட்டின ஒயர்ல ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. கூம்பு வெளிய தள்ளினா பேட்டரி ப்ளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கர் ப்ளஸ். செலவு பன்னெண்டு, பதினஞ்சு ரூபா.

சப் ஊஃபர் தனியா இருந்தா, ஹெச்பிஎஃப்னு செட்டுல ஒண்ணு இருக்கும். அதை 80ல வைங்க. கதவு ஸ்பீக்கர் தன்னால முடியாத பேஸைத் தூக்குற பாரம் குறைஞ்சு குரலைத் தெளிவா குடுக்கும். அந்த செட்டுலயே உருப்படியான பட்டன் அதுதான், அதைத் தொடாம மத்த எல்லாத்தையும் தொடுவோம்.

இப்ப ஈக்வலைஸர். எல்லாம் பூஜ்ஜியம். உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச, குரல் முன்னாடி நிக்கிற ஒரு பாட்டு. எஸ்பிபி, ஜானகி, யாரா இருந்தாலும் சரி, நல்ல பதிவா இருக்கணும். கடை வாசல்ல இன்ஜினை அணைச்சுட்டு வைக்காதீங்க. பைபாஸ்ல வண்டி ஓடும்போது வைங்க, ஓட்டுறது ஒருத்தர், திருகுறது இன்னொருத்தர். ஒவ்வொரு கோடா ஆறு டெசிபல் ஏத்திப் பாருங்க. எந்தக் கோட்டை ஏத்தும்போது அசிங்கமா, கும்முன்னோ குத்தலாவோ கேக்குதோ, அதைப் பூஜ்ஜியத்துக்குக் கீழ ரெண்டோ மூணோ இறக்கிடுங்க. பெரும்பாலும் 125, 250 பக்கம் ஒண்ணு, 2,500, 4,000 பக்கம் ஒண்ணு மாட்டும். ஏத்தி சரி பண்றதை விட இறக்கி சரி பண்றது மேல், இறக்குறதுக்கு ஒரு வாட்டும் செலவில்ல. மொத்த சத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அதுக்கு வால்யூம் திருகு இருக்கு. அப்புறமும் பேஸ் பத்தலைன்னா 80, 100 பக்கம் ஒரு மூணு ஏத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். 16,000ஐத் தொடாதீங்க. ரெண்டு நாள் கேளுங்க. முதல் நாள் சப்புன்னுதான் இருக்கும், மசாலா சோடா குடிச்ச நாக்குக்கு இளநி அப்படித்தான் இருக்கும். மூணாவது நாள் பழைய சிரிச்ச மூஞ்சியைத் திருப்பி வச்சுப் பாருங்க.

பஸ்ல நம்ம கையில திருகு இல்ல. "அண்ணா, சவுண்டைக் குறைங்ணா"ன்னு கேட்டா முறைப்பாங்க, நிறைய தடவை பார்த்தாச்சு. ஆனா செட்டைப் பத்திப் பேச்சுக் குடுத்தா அவங்களைவிட ஆர்வமா பேசுறவங்க கிடையாது. ராசிபுரம் வண்டியில ஒரு டிரைவர் அண்ணன்கிட்ட, "ஃபேடரைப் பின்னாடி ரெண்டு குறைச்சுட்டு, நடு மூணு கோட்டை மட்டும் ஜீரோவுக்கு ஏத்திப் பாருங்ணா, பாட்டு வரி நல்லா கேக்கும்"னு சொன்னேன். மல்லூர் தாண்டுற வரைக்கும் பேசவே இல்ல. ஆண்டகளூர் கேட் பக்கம் அவரே வால்யூமை நாலு குறைச்சாரு. "இப்ப இதுவே போதும்போல"ன்னாரு. மறுநாள் அதே பஸ், அதே சிரிச்ச மூஞ்சி. ஓனர் பையன் வந்து மாத்திட்டானாம். அடுத்தது அவனைத்தான் புடிக்கணும்.